மனநல நெருக்கடியின்போது கதவைத் தட்ட வேண்டியவர் யார்?

கரைவழி

வீட்டில் ஒருவர் மூன்று நாள்களாக உறங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத யாருடனோ பேசுகிறார். அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு திறக்க மறுக்கிறார். வீட்டாரின் கையில் இருப்பது ஓர் அவசர எண். அதை அழைத்தால் வாசலில் வந்து நிற்பது பெரும்பாலான நாடுகளில் சீருடைதான். நோய் என்று சொல்லி உதவி கேட்டவர்களுக்குக் குற்றவாளிகளைக் கையாளப் பழகியவர்களை அனுப்பும் இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதாகத் தெரியவில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பெரிய மனநல மருத்துவமனைகள் பல நாடுகளில் மூடப்பட்டன. அவற்றுக்கு ஈடாக ஊருக்குள் வந்திருக்க வேண்டிய சேவைகள் வந்து சேரவில்லை. இரவிலும் விழித்திருந்த துறை என்பதால் சுமை காவல்துறையின் தலையில் விழுந்தது.

அதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 2020 மார்ச்சில் நடந்தது. மனக்குழப்பத்தில் வீட்டைவிட்டு வெளியேறிய டேனியல் புரூடுக்காக உதவி கேட்டு அழைத்தவர் அவருடைய உடன்பிறந்தவரே. வந்த காவலர்கள், ஆடையின்றித் தெருவில் இருந்த அவருக்கு விலங்கிட்டு, தலையில் உறை மாட்டித் தரையோடு அழுத்தினார்கள். ஒரு வாரத்தில் அவர் மருத்துவமனையில் இறந்தார்.

மாற்று இல்லாமல் இல்லை. ஒரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் ஒயிட் பேர்ட் என்ற மக்கள் மருத்துவகம் 1989 முதல் ‘கஹூட்ஸ்’ என்ற பெயரில் ஒரு வேன் சேவையை நடத்தியது. அதில் மருத்துவம் தெரிந்த ஒருவரும் நெருக்கடி நிலைகளில் பேசப் பழகிய ஒருவரும் செல்வார்கள். ஆயுதமும் கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. டென்வர் நகரில் 2020 ஜூனில் தொடங்கிய ‘ஸ்டார்’ குழு முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளுக்குச் சென்று வந்தது. அவற்றில் ஒன்றுகூடக் கைதில் முடியவில்லை.

ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்ததான அந்த யூஜீன் சேவை, 2025 ஏப்ரலில் அந்நகரில் நின்றுபோனது. இவை பயன் தருகின்றனவா என்று கேட்பதற்காக நான் இந்த இணைய விவாத இழையைத் தொடங்கவில்லை. பயன் தந்ததாக எல்லோரும் பாராட்டியதுகூட ஏன் நிலைக்கவில்லை என்பதே என் கேள்வி.

ஓய்வுக்காவலர்

கரைவழி ஐயா, முப்பது ஆண்டுகள் காவல் பணியில் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைக் காவலர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. பணியிலிருந்த காலத்தில் நான் மிகவும் அஞ்சிய அழைப்புகள் கொள்ளையோ அடிதடியோ அல்ல, இவைதாம். கொள்ளைக்காரனுக்கு நான் யாரென்று தெரியும், அவன் யாரென்று எனக்கும் தெரியும். மனம் கலங்கியவர் என்னைப் பார்க்கும்போது எதைப் பார்க்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

பயிற்சி கொடுத்தால் போதும் என்ற எண்ணம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. மெம்பிஸ் நகரில் 1987-ல் மனநோயால் துன்புற்ற ஓர் இளைஞரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றதற்குப் பிறகு, 1988-ல் காவலர்களுக்கான 40 மணி நேரப் பயிற்சி வகுக்கப்பட்டு, பல நாடுகளுக்கும் பரவியது. அது காவலரின் பார்வையை மாற்றுகிறது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் காயங்களும் சாவுகளும் அதனால் குறைந்தன என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் ‘காவல்துறை விலகட்டும்’ என்று சொல்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். ஹம்பர்சைடு காவல்துறை 2020-ல் தொடங்கி, 2023-ல் நாடு முழுவதற்கும் உடன்பாடாக மாறிய ஏற்பாட்டின்படி, உயிருக்கு ஆபத்தோ குற்றமோ இல்லாத மனநல அழைப்புகளுக்குக் காவலர்கள் செல்ல வேண்டியதில்லை. காவலர்கள் விலகும் வேகத்துக்கு மருத்துவச் சேவைகளால் ஈடுகொடுக்க முடியுமா என்று மனநல அமைப்புகளே கவலை தெரிவித்தன. விடியற்காலை மூன்று மணிக்கு யாராவது ஒருவர் போய்த்தானே ஆக வேண்டும்?

மூத்தவள்

ஐயா, அந்த மூன்று மணி எனக்குத் தெரியும். என் தம்பிக்காக நான் அழைத்திருக்கிறேன். நோய் முற்றும்போது அவனுக்குக் குரல்கள் கேட்கும். வந்த இருவரும் மோசமானவர்கள் அல்லர்; ஒருவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்து நயமாகவே பேசினார். ஆனால் அவர் தோளில் இருந்த வயர்லெஸ் கருவி இடைவிடாமல் கரகரத்துக்கொண்டிருந்தது. உருவமில்லாத குரல்கள் எண்களையும் தெருப்பெயர்களையும் சொல்லிக்கொண்டே இருந்தன. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தம்பி நினைத்தான். அந்தக் குரல்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினான். காவலர் அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நடந்ததை எழுத விருப்பமில்லை. தம்பி உயிரோடு இருக்கிறான். என்னோடு பேச அவனுக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது.

அந்தக் கருவியை அணைத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் அணைக்க அவர்களுக்கு அனுமதி உண்டா என்பது தெரியாது.

ஓய்வுக்காவலர்

அனுமதி இல்லை, அம்மா. ஒலியைக் குறைக்கலாம். அதையும் நாங்கள் செய்வதில்லை. வருந்துகிறேன்.

எண்ணடுக்கு

மூத்தவள் எழுதியதற்கு அடுத்து எண்களைக் கொண்டுவருவது சற்று வறட்சியாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். யூஜீனைப் பற்றிய விவாதங்களில் தவறாமல் சொல்லப்படுவது, 2019-ல் அந்தக் குழு சென்ற ஏறத்தாழ 24,000 அழைப்புகளில் காவலரைத் துணைக்கு அழைத்தவை 311 மட்டுமே என்பது. எண் சரிதான், ஆனால் அதைக் கொண்டு எதை நிறுவலாம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். அந்த அழைப்புகளில் கணிசமானவை, பொதுவான உதவி கேட்பதும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விடச் சொல்வதுமாக, காவல்துறை வழக்கமாகச் செல்லாத வகையைச் சேர்ந்தவை. அந்நகரக் காவல்துறையே பகுத்துப் பார்த்து, தன் தோளிலிருந்து உண்மையில் இறங்கிய சுமை 5 முதல் 8 விழுக்காடு வரைதான் என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கைச் செய்தது காவல்துறை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

டென்வருக்கு இதைவிட வலுவான சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், சேவை இயங்கிய பகுதிகளில் அத்துமீறி நுழைதல், பொது இடத் தொந்தரவு போன்ற சிறு குற்றப் பதிவுகள் 34 விழுக்காடு குறைந்திருந்தன. வன்குற்றங்கள் கூடியதாகத் தெரியவில்லை. எனினும் இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காவலர் செல்லாத இடத்தில் குற்றம் பதியவும் ஆளில்லை. ஆகவே குறைந்ததில் ஒரு பகுதி, நோயைக் குற்றமாக எழுதும் பழக்கம் குறைந்ததுதான். என்னைக் கேட்டால் அதுவும் பெரிய ஆதாயமே.

செவிமடுப்பவர்

எல்லோரும் வாசலில் யார் நிற்பது என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். வாசலுக்கு யார் போவது என்பது அதற்குச் சில நிமிடங்கள் முன்பே, காதில் ஹெட்ஃபோன் மாட்டிய என்னைப் போன்ற ஒருவரால் முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. நான் அவசர அழைப்பு மையம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவள்.

எங்கள் திரையில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். நான்காவது கேள்வி: ஆயுதம் ஏதேனும் உண்டா? ஒரு தாய் அழைக்கிறார். ‘கத்தி சமையலறையில் இருக்கிறது, ஆனால் அவன் அதைத் தொடவில்லை, அவன் மாடியில் இருக்கிறான்’ என்கிறார். திரையில் இரண்டே கட்டங்கள்: உண்டு, இல்லை. கத்தியில்லாத சமையலறை உலகில் எங்கே இருக்கிறது? ஆனால் அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார், உரையாடலும் பதிவாகிறது. நான் ‘உண்டு’ என்பதைத் தொடுகிறேன். அந்த நொடியே மனநலக் குழு பட்டியலிலிருந்து மறைந்துவிடும். காவல் வண்டிக்குப் போகும் செய்தியில் ‘கத்தியுடன் ஆண்’ என்று இருக்கும். மாடியும் சமையலறையும் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோயிருக்கும்.

இதில் நான் கொடுமைக்காரி அல்லள். காவலரை அனுப்பி விபரீதம் நேர்ந்தால் அது காவலரின் பிழையாக விசாரிக்கப்படும். ஆயுதமில்லாத குழுவை அனுப்பி அவர்களில் ஒருவருக்குக் கீறல் விழுந்தால், என் குரல் பதிவை மேசையில் வைத்து என்னைத்தான் விசாரிப்பார்கள். ஒன்பது ஆண்டுகளில், தேவையில்லாமல் காவலரை ஏன் அனுப்பினாய் என்று என்னிடம் யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்தத் தராசை நிமிர்த்தாமல் எத்தனை வேன்களை வாங்கி நிறுத்தினாலும் அவை நின்ற இடத்திலேயே நிற்கும்.

எண்ணடுக்கு

இதற்கு எழுத்துபூர்வமான சான்றே இருக்கிறது. நியூயார்க் நகரம் 2021 ஜூனில், காவலருக்கு மாற்றாகச் சமூகப் பணியாளரும் அவசர மருத்துவப் பணியாளர்களும் செல்லும் ‘பி-ஹர்ட்’ திட்டத்தைத் தொடங்கியது. 2025-ல் வெளியான நகரத் தணிக்கை அறிக்கையின்படி, வந்த மனநல அழைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்தக் குழுவை அனுப்பத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. தகுதி பெற்றவற்றிலும் பல அழைப்புகளுக்குக் குழு போகவில்லை. எந்த அறிவிப்பு விழாவிலும் இந்த வடிகட்டியைப் பற்றிப் பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை.

கரைவழி

அப்படியானால் தனி எண் ஒன்று இருந்தால் இந்தச் சிக்கல் தீராதா? அமெரிக்காவில் 2022 ஜூலை 16 முதல் மனநல நெருக்கடிக்கென்றே 988 என்ற மூன்றிலக்க எண் இயங்குகிறது. அதற்கு வரும் அழைப்புகளில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவசரச் சேவைகளை அனுப்பும் நிலைக்குப் போகின்றன என்று அதை நடத்துபவர்கள் சொல்கிறார்கள்.

தனித்தடம்

கரைவழி, அந்த இரண்டு விழுக்காட்டை உங்களைப் போன்ற ஒருவர் எண்ணிக்கையாகப் பார்க்கிறார். நெருக்கடியில் இருப்பவர் அப்படிப் பார்ப்பதில்லை. நான் அந்த நிலையில் இருந்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே, இந்த நூற்றில் இரண்டில் ஒருவனாக நான் ஆகிவிடக்கூடாது என்று சொற்களை எண்ணி எண்ணிப் பேசினேன். உண்மையைச் சொன்னால் கதவு தட்டப்படும் என்று அஞ்சுகிறவர் உண்மையைச் சொல்வதில்லை. இதனால்தான் அழைத்தவரின் இசைவின்றி யாரையும் வரவழைப்பதில்லை என்ற உறுதியை திருநர்களுக்கான உதவி எண் அமைப்பான டிரான்ஸ் லைஃப்லைன் போன்றவை தங்கள் அடிப்படை விதியாகவே வைத்திருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே ‘மாற்று’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறுபட்டவை கலந்துவிடுகின்றன. நகராட்சி தன் ஊழியரில் சீருடை போட்டவருக்குப் பதில் அடையாள அட்டை மாட்டியவரை அனுப்புவது ஒன்று. அந்தத் தெருவில் வாழ்கிறவர்கள், அதிலும் தாமே அந்த இருட்டைக் கடந்து வந்தவர்கள், தங்களுக்குள் ஒரு குழுவை அமைத்துக்கொள்வது வேறொன்று. சாக்ரமென்டோவில் 2020-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘எம்.எச். ஃபர்ஸ்ட்’ இரண்டாம் வகை. அரசு எண் வழியாக இல்லாமல் தங்களுக்கென்று தனி எண் வைத்துக்கொண்டு, வார இறுதி இரவுகளில் மட்டும் இயங்கத் தொடங்கினார்கள். சிறியதுதான். ஆனால் முதல் வகையில் வருகிறவர் தேவைப்பட்டால் என்னைக் கட்டாய சிகிச்சைக்கு எழுதி அனுப்பலாம், காவலரை அழைக்கலாம். கையில் விலங்கு இல்லாவிட்டாலும் அது அவர் பையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். துணைக்கு வந்தவரையும் பிடித்துப் போக வந்தவரையும் நோயாளி ஒரே பார்வையில் பிரித்தறிந்துவிடுவார், ஐயா. எங்களுக்கு அறிவு குழம்பலாம்; இந்த மோப்பம் மட்டும் குழம்புவதில்லை.

இரவுப்பணி

நடமாடும் நெருக்கடிக் குழுவில் மனநலச் செவிலியாக இருக்கிறேன். தனித்தடம் சொன்னது எனக்கும் உறைக்கிறது. கட்டாய சிகிச்சைக்குப் பரிந்துரைக்கும் படிவம் என் பையில் இருப்பது உண்மை. அதனால் பையை வண்டியிலேயே விட்டுச் செல்லப் பழகியிருக்கிறேன்.

வாசலில் என்ன செய்கிறோம் என்பதைச் சொன்னால் சிலருக்குப் பயன்படலாம். சுழல்விளக்கை இரண்டு தெருக்களுக்கு முன்பே அணைத்துவிடுவோம். இருவர் போனாலும் ஒருவர்தான் பேசுவார். மற்றவர் வீட்டாரை வேறு அறைக்கு அழைத்துப் போவார், ஏனெனில் அச்சத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவது வயர்லெஸ்ஸைவிட மோசம். நோயாளிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்க மாட்டோம். அவர் அமர்ந்திருந்தால் அவர் கண் மட்டத்துக்குக் கீழே அமர்வோம். மாடிப்படியென்றால் இரண்டு படி கீழே.

ஒரு நாள் அப்படிக் கீழ்ப்படியில் முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்தேன். மேலே இருந்தவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மழையில் நனைந்த என் காலணியைக் கழற்றி நீரை வடித்தேன். ‘அதை இப்படிக் கவிழ்த்து வைக்க வேண்டும்’ என்றார். அதுதான் முதல் வாக்கியம். அங்கிருந்து மருந்துக்கும் உறக்கத்துக்கும் வர இன்னும் அரை மணி நேரம் பிடித்தது. அடுத்த அழைப்பு காத்திருக்கும் காவலருக்கு இந்த ஒன்றேகால் மணி நேரம் கிடைக்காது. மனிதர் நல்லவரா என்பதைவிட அவரிடம் நேரம் இருக்கிறதா என்பதே இங்கே பெரிய வேறுபாடு.

அவர் எங்களோடு வர இசைந்தார். அதன்பின் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அழைத்துப் போக எங்களுக்கு இருந்த ஒரே இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. பளிச்சென்ற விளக்கு, விபத்தில் சிக்கியவர்களின் கூச்சல், கட்டிலருகே ஒரு பாதுகாவலர், பதினோரு மணி நேரக் காத்திருப்பு. படியில் அமர்ந்து சேர்த்த நம்பிக்கை முழுவதும் அந்த நாற்காலியில் கரைந்தது. அடுத்த முறை அவர் கதவைத் திறக்கவில்லை.

ஸ்டாக்ஹோம் நகரம் 2015-ல் மனநலத்துக்கென்றே தனி ஆம்புலன்ஸ் விட்டது. அதில் தூக்குப்படுக்கைக்குப் பதில் இருக்கைகள், பணிக்கு மனநலச் செவிலியர் இருவர். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மனம் இத்தாலியின் டிரியெஸ்டேயை நோக்கியே போகிறது. மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா அங்கே பெரும் மனநல மருத்துவமனையைக் கலைக்க முற்பட்டபோது, மனநல மருத்துவமனைகளை மூட வழிசெய்த 1978-ன் 180-ஆம் சட்டம் அதற்குத் துணையாக வந்தது. அந்த இடத்தில் உருவானவை, ஒவ்வொன்றிலும் ஒரு சில படுக்கைகளே கொண்டு, இரவும் பகலும் பூட்டில்லாமல் திறந்திருக்கும் வட்டார நிலையங்கள். நெருக்கடியில் இருப்பவருக்கு அங்கே உள்ளவர்களை ஏற்கெனவே தெரியும். முன்னொரு சாதாரண நாளில் அங்கே வந்து போயிருப்பார். பின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில் 1980-களில் உருவான ‘திறந்த உரையாடல்’ முறையில், தொடர்புகொண்ட 24 மணி நேரத்துக்குள் குழு வீட்டாரோடு அமர்கிறது. நோயாளியைப் பற்றிய எந்த முடிவையும் அவர் இல்லாத இடத்தில் பேசுவதில்லை. இத்தகைய ஏற்பாடுகள் உள்ள இடங்களில் ‘யாரை அனுப்புவது’ என்ற கேள்வியே பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஓய்வுக்காவலர்

செவிலி அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உண்மையிலேயே கையில் கத்தி இருக்கும் இரவு ஒன்று வரும். அன்று படியில் அமர முடியாது.

இரவுப்பணி

வரும், ஐயா. அன்று உங்களை அழைப்போம், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்றும் நீங்கள் தெருமுனையில் நிற்க, நாங்கள் பேச முயல்வதும் ஒரு முறைதான். எப்போதாவது வரும் அந்த இரவுக்காக எல்லா இரவுகளையும் அதன் விதிப்படி நடத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எண்ணடுக்கு

கரைவழியின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். யூஜீன் சேவையின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 21 இலட்சம் டாலர் என்றும், யூஜீன், அதன் அண்டை நகரமான ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய இரு நகரக் காவல்துறைகளின் செலவு சேர்ந்து 9 கோடி டாலர் என்றும் மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டினோம். மலிவு என்பதையே அதன் சிறப்பாக முன்வைத்தோம். அந்த மலிவு எங்கிருந்து வந்தது? குறைந்த கூலிக்கு இரவெல்லாம் விழித்திருந்த பணியாளர்களிடமிருந்தும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தத்திலிருந்தும் வந்தது. காவல்துறைக்கு வரவுசெலவுத் திட்டத்தில் நிலையான ஒதுக்கீடு உண்டு. மாற்றுச் சேவைக்கு இருப்பது நன்கொடை, மானியம், முன்னோடித் திட்டம். முன்னோடித் திட்டம் என்ற பெயரே எனக்குப் பிடிப்பதில்லை. தீயணைப்பு நிலையத்தை யாரும் மூன்றாண்டு சோதனை முயற்சியாக நடத்துவதில்லை.

தனித்தடம்

ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குள் போனதும் அரசின் விதிகளும் உடன் வரும். செவிமடுப்பவர் சொன்ன இரண்டு கட்டங்களும் வரும். சாக்ரமென்டோத் தன்னார்வலர்கள் தனி எண் வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். நிலையான பணமும் வேண்டும், அதைக் கொடுப்பவரின் பிடியும் கூடாது என்றால், அந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூத்தவள்

பெரிய முடிச்சுகள் அவிழும்வரை தம்பிக்கு நோய் காத்திருக்காது. செவிமடுப்பவர் அம்மாவிடம் ஒன்று கேட்கிறேன். மீண்டும் அழைக்க நேர்ந்தால் நான் என்ன சொல்ல வேண்டும்?

செவிமடுப்பவர்

முதல் வாக்கியத்திலேயே, இது நோய், குற்றமில்லை, மனநலக் குழுவை அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். அப்படி ஒரு குழு இருக்கிறதா என்பதை இன்றே, நிலைமை அமைதியாக இருக்கும்போதே, விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயுதம் பற்றிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அவன் கையில் எதுவும் இல்லை, அவன் இருப்பது இந்த அறையில், நான் இருப்பது இந்த இடத்தில் என்று, கையையும் இடத்தையும் மட்டும் சொல்லுங்கள். நோயின் பெயர், எடுக்கும் மருந்து, யாருடைய பேச்சைக் கேட்பான், எதைக் கண்டால் மிரள்வான் என்று நான்கு வரி சொல்லி, அதை அப்படியே போகிறவர்களுக்குப் படித்துக்காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்டால் பதிவாகும், பதிவானதைப் புறக்கணிக்க எங்களுக்கும் தயக்கம் இருக்கும். கடைசியில், வருகிறவர்களை நானே வாசலில் சந்திக்கிறேன், அதுவரை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூத்தவள்

அந்த நான்கு வரிகளை எழுத நேற்று மாலை தம்பியோடு அமர்ந்தேன். மூன்றாவது வரியில் என் பெயரை நான் எழுதியதை அடித்துவிட்டு, தன் பழைய பள்ளித் தோழன் ஒருவனின் பெயரை எழுதினான். நான்காவது வரியைக் கேட்க வாயெடுப்பதற்குள் ‘வயர்லெஸ்’ என்றான். தாளைத் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.